சீமெந்துப் பைகள் எங்கே போயின?



மரணச் சான்றிதழ், காணி உறுதி, பராமரிப்பு வழக்கு, நுண்கடன் என்று எமது அன்றாடச் சிக்கல்களைப் பற்றியே இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். இம்முறை அரசாங்கத்தின் வரவு செலவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கொழும்பிலே இருக்கிற பெரிய ஆட்களின் அலுவல் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

அவர் முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்தவர். கச்சான் வறுத்துச் சிறு பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவர். வீடமைப்புத் திட்டமொன்றில் அத்திவாரமும் அரைச் சுவரும் எழும்பிய நிலையில் கொடுப்பனவு நின்று போனது. மிச்சத்தைத் தானே கட்டுவதென்று வங்கியில் காசு சேர்த்தார். 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் புத்தகத்தில் 80,000 ரூபா இருந்தது. அப்போது ஒரு பை சீமெந்து ஆயிரம் ரூபாவளவில் விற்றது. ஆகவே அவரிடம் இருந்தது 80 பை சீமெந்து. மேசன் கிடைக்கட்டும், மழை விடட்டும் என்று பொறுத்திருந்தார். 2022 நடுப்பகுதியில் ஒரு பை மூவாயிரம் ரூபாவளவுக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் அதே 80,000 ரூபாவும், கொஞ்ச வட்டியும். வட்டி நான்கு வீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 3,200 ரூபா. ஒரு பை சீமெந்துக்குக் காணும், அவ்வளவுதான்.

"கள்ளன் வரேல்லை மிஸ். வங்கியும் பூட்டேல்லை. புத்தகத்திலை ஒரு சதம் குறையேல்லை. அப்ப என்ர ஐம்பது பை சீமெந்து எங்கை போனது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பொருளியல் படித்தவர்கள் பலர் இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்பதில்லை.

யுத்த காலத்திலும் விலை ஏறியதுதானே என்று சிலர் சொல்வார்கள். ஏறியதுதான். 1990களில் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் என்ன விலைக்கு விற்றன என்பதை மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதை பூட்டியிருந்தது, சாமான் வரவில்லை, வந்த கொஞ்சத்துக்கு ஆயிரம் பேர் போட்டி. ஆனால் 2002இல் ஏ9 பாதை திறந்ததும் என்ன நடந்தது? லொறிகள் வந்தன, விலைகள் மளமளவென்று இறங்கின. அதே சவர்க்காரம், அதே ரூபா. தட்டுப்பாட்டினால் வந்த விலை, தட்டுப்பாட்டோடு போனது.

2022இல் வந்தது வேறு. எரிபொருள் வரிசைகள் சில மாதங்களில் முடிந்தன. கடைகளில் சாமான்கள் மறுபடி நிறைந்தன. ஆனால் மாவோ பருப்போ சீமெந்தோ பழைய விலைக்குத் திரும்பி வரவேயில்லை. ஏனென்றால் இம்முறை சாமான் மட்டும் குறையவில்லை, ரூபாவே தேய்ந்து போனது. கோவிட், 2021 மே மாதத்து இரசாயன உரத் தடை, 2022 பெப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் யுத்தம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. உரத் தடையை 2021 நவம்பரில் நீக்கினார்கள், ஆனாலும் நெல் விளைச்சல் விழுந்ததை வன்னி விவசாயிகள் கண்ணாரக் கண்டார்கள். ஆயினும் உக்ரைன் யுத்தம் உலகம் முழுவதற்கும் பொதுவானது. எமது நாட்டில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி 69.8 வீதத்துக்கும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்கும் போனதற்குக் காரணத்தை வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும்.

அரசாங்கத்துக்கு என்று தனியாக ஒரு வயலோ வள்ளமோ கிடையாது. அதற்குக் காசு வரும் வழிகள் மூன்றுதான். எங்களிடமிருந்து வரியாக வாங்கலாம். யாரிடமாவது கடன் வாங்கலாம். இரண்டும் போதாவிட்டால் அச்சடிக்கலாம். முதலிரண்டும் எங்களுக்கும் உள்ள வழிகள், உழைப்பு, கடன். மூன்றாவது வழி உங்களுக்கும் எனக்கும் இல்லை. நாங்கள் செய்தால் கள்ள நோட்டு, சிறைக்குப் போவோம்.

2019 டிசெம்பரில் அரசாங்கம் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. வேறு வரிகள் சிலவற்றை ஒரேயடியாக நீக்கியது. வரி குறைவது நல்ல விடயம். ஒரு ரூபா அரசாங்கத்தின் கையில் இருப்பதைவிட உழைத்தவளின் கையில் இருப்பது மேல் என்பதுதான் என்னுடைய எண்ணமும். ஆனால் செலவைத் தொடாமல் வரியை மட்டும் குறைத்தார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 வீதமளவில் இருந்த வரி வருமானம் 2020இல் 8 வீதமளவுக்கு விழுந்தது. 2021இல் அரசாங்கத்துக்கு வருமானமாக வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் பழைய கடன்களின் வட்டிக்கே போனது. அரச ஊழியரின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தால் வருமானம் முழுவதும் முடிந்து, அதற்கு மேலும் துண்டு விழுந்தது. பாடசாலைக்கு ஒரு கதிரை வாங்குவதற்கு முன்னரே இந்த நிலைமை.

மிச்சத்துக்கு என்ன செய்தார்கள்? திறைசேரி உண்டியல் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்களில் உண்டியல் என்றால் வெளிநாட்டுக் காசு கைமாறும் வழி. இது அதுவல்ல. 'இவ்வளவு மாதத்தில் இவ்வளவு திருப்பித் தருவேன்' என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரம். இதை ஏலத்தில் விற்பார்கள். வங்கிகளும் நிதியங்களும் வாங்கும். அக்காலத்தில் இவ்வளவுக்கு மேல் வட்டி தரமாட்டோம் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க ஆட்கள் முன்வரவில்லை. விற்காமல் கிடந்ததை மத்திய வங்கி வாங்கியது. மத்திய வங்கி எந்தக் காசைக் கொடுத்து வாங்கியது? புதிதாக உண்டாக்கிய காசைக் கொடுத்து. 2019 இறுதியில் மத்திய வங்கியின் கையிலிருந்த இப்படியான பத்திரங்கள் நூறு பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2022 இறுதியில் அது 2,500 பில்லியனைத் தாண்டியது. ஒரு பில்லியன் என்பது நூறு கோடி.

கூடுதலாக வந்த இந்தக் காசுக்கு ஈடாக நாட்டில் ஒரு மூடை நெல்லோ ஒரு பை சீமெந்தோ கூடுதலாக விளையவில்லை. அந்தக் காசு முதலில் யாருடைய கைக்குப் போனதோ, அவர்கள் பழைய விலைக்கே சாமான் வாங்கினார்கள். கை மாறி மாறி, கடைசியாக முல்லைத்தீவுக் கச்சான்காரிக்கு வந்து சேரும்போது விலை ஏறி முடிந்துவிட்டது. அவருடைய ஐம்பது பை சீமெந்தும் அரசாங்கத்தின் செலவுக்குள்ளே போய்விட்டது. அதற்கு யாரும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

டொலர் கதையும் இதனுடைய மறுபக்கம்தான். ரூபா பெருகிக் கொண்டிருக்க, டொலரை 203 ரூபாவளவில் பிடித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டே மாதங்களில் டொலர் 360 ரூபாவுக்குப் போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கமே அறிவித்தது. இந்த இடத்தில் எங்கள் கிராமங்களுக்குள்ளேயே ஒரு கோடு விழுந்தது. கனடாவிலோ சுவிஸிலோ தம்பி இருக்கும் வீட்டுக்கு நூறு டொலர் வந்தால் 20,000 ரூபாவாக இருந்தது 36,000 ரூபாவானது. அவர்கள் தாக்குப் பிடித்தார்கள். வெளியில் எவரும் இல்லாத வீடு, ஆம்பிளை இல்லாத வீடு, கூலியை மட்டும் நம்பிய வீடு, இவைதான் மூன்று வேளையை இரண்டாக்கின. ஒரே வேலிக்கு இரு பக்கமும் இரண்டு விதமான 2022.

எமது அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை, பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது. சட்டம் இல்லாமல் எந்த அதிகார சபையும் வரி அறவிட முடியாது. ஆனால் பணவீக்கத்துக்கு எந்தப் பாராளுமன்றமும் கை உயர்த்தவில்லை. காணியும் மாடி வீடும் உள்ளவருக்கு அவற்றின் விலையும் சேர்ந்து ஏறும். நகை வைத்திருந்தவருக்கும் ஓரளவு பாதுகாப்பு, அதனால்தான் எங்கள் அம்மம்மாக்கள் நோட்டை நம்பாமல் பவுணை நம்பினார்கள். தலையணைக்குள் நோட்டும், சீட்டுக் காசும், சின்னச் சேமிப்புப் புத்தகமும் வைத்திருந்தவர்களே முழு வரியையும் கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கடன் வாங்கியவர்களுக்குப் பணவீக்கம் நல்லதுதானே என்று ஒரு குழுவில் ஒருவர் கேட்டார். கணக்குப்படி சரி. வாங்கிய ரூபாவைவிடத் தேய்ந்த ரூபாவைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கூலி அதே வேகத்தில் ஏறினால்தான் அந்த நன்மை வரும். நுண்கடன் தவணை கட்டிய எத்தனை பேருக்குக் கூலி அப்படி ஏறியது? நாட்டிலேயே ஆகப் பெரிய கடனாளி அரசாங்கம். ரூபாக் கடனைப் பொறுத்தவரை அந்த நன்மை அதற்குத்தான் கிடைத்தது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் தங்கைமாருக்கு இது இன்னும் நேரடியானது. சம்பளத்தில் 8 வீதம் உங்களிடமிருந்தும் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே கடனாகக் கொடுக்கப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டுக்கு அது கொடுத்த வட்டி 9 வீதம். விலைவாசியோ எழுபது வீதத்தைத் தொட்டது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடமிருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. ஓய்வூதிய நிதியங்களின் முறிகளையே குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். அதற்கு முந்திய மாதங்களில் திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கையில் பெருந்தொகை இருந்தவர்கள் அதை வாங்கிப் போட்டார்கள். தையல் மெஷினில் குனிந்திருந்த பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது.

இனி மண்ணெண்ணெய். இது கொஞ்சம் கசப்பான கதை.

2021 டிசெம்பர் முதல் ஒரு லீற்றர் 87 ரூபா. ஏழைகளுக்காக அரசாங்கம் பிடித்து வைத்திருந்த விலை. பேச நன்றாக இருந்தது. ஆனால் டீசலைவிட மிகவும் மலிவாக இருந்தபடியால் டீசலோடு கலக்க அள்ளிக் கொண்டு போனார்கள் என்பது ஊரறிந்த விடயம். விற்கும் விலையில் அடக்கமே வராதபோது, டொலர் கொடுத்து இறக்குவதும் நின்றது. 2022 நடுப்பகுதியில் 87 ரூபா விலை பலகையில் மட்டும் இருந்தது, தாங்கியில் எண்ணெய் இல்லை. மீனவர்களின் வள்ளங்கள் கரையில் கிடந்தன. வெங்காயத் தோட்டங்களில் இறைப்பு இயந்திரம் நின்றது. இரவு முழுக்க வெற்றுக் கலனோடு வரிசையில் நின்ற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் உண்மையில் கொடுத்த விலை 87 ரூபாவா? ஒரு நாள் கூலி, ஒரு இரவு நித்திரை, வீட்டில் தனியே விட்டு வந்த பிள்ளைகள், இவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டாமா? கள்ள விலைக்கு வாங்கியவர்கள் கதை வேறு.

2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபா என்றார்கள். அதன் பிறகு எண்ணெய் கிடைத்தது, வாங்கக் காசு இருக்கவில்லை. கடற்றொழில் செய்பவர்கள் வீதிக்கு இறங்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் கோபம் 340 ரூபா மீது மட்டும் இருந்தது. என் கோபம் 87 ரூபா மீதும் உண்டு. பொய்யான விலை இவ்வளவு காலம் நீடித்தபடியால்தான் உண்மையான விலை இப்படிப் பாறாங்கல்லாக விழுந்தது. விலையை அதன் பாட்டில் விட்டு, வசதியில்லாத குடும்பத்தின் கையில் காசாகக் கொடுப்பது நேர்மையான வழி. மலிவுப் பெற்றோலால் ஆகக்கூடிய நன்மை அடைபவர் இரண்டு கார் வைத்திருப்பவர். நடந்து போகிற பெண்ணுக்கு அதில் என்ன பங்கு?

என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா இதை ஒப்புக்கொள்ளமாட்டார். "யுத்தத்தாலை அழிஞ்ச இடம் இது. அரசாங்கம் செலவழிக்காட்டி வேற ஆர் கட்டித் தாறது? நீர் செலவைக் குறைக்கச் சொன்னா முதல்லை வெட்டுறது எங்கடை வீட்டைத்தான்" என்பார். அவர் சொல்வதில் இரண்டாவது பாதி உண்மை என்பதை அத்திவாரத்தோடு நிற்கும் வீடுகள் காட்டுகின்றன. ஆனால் காசு அச்சடித்த அந்த இரண்டு மூன்று வருடங்களில் அந்த வீடுகளுக்குக் கூரை வந்ததா? சமுர்த்தியின் ஆகக்கூடிய கொடுப்பனவு 2015இல் 3,500 ரூபாவாக ஆக்கப்பட்டு 2021 இறுதி வரை அதே 3,500தான். தாளில் ஒரு சதமும் வெட்டவில்லை, விலைவாசி வெட்டியது.

செலவு எங்கே போனது என்று பாருங்கள். 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்கு விமானங்கள் வரவில்லை. ஸ்ரீலங்கன் விமான சேவையை 1998 முதல் 2008 வரை எமிரேட்ஸ் நிறுவனம் நிர்வகித்தது. அரசாங்கம் திரும்ப எடுத்த பின்னர் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டம். எங்கள் குழுக்களில் விமானம் ஏறிய பெண்கள் எத்தனை பேர்? அந்த நட்டத்தில் எல்லோருக்கும் பங்குண்டு. யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் இராணுவம் இரண்டு இலட்சம் பேராக இருந்தது. 2023 ஜனவரியில்தான் அதை 2024க்குள் 1,35,000 ஆகவும், 2030இல் ஒரு இலட்சமாகவும் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. யுத்தத்தில் கணவனை இழந்தவள் வாங்கும் சவர்க்காரத்தின் வரியிலும் அந்தச் செலவுக்கு ஒரு பங்கு போகிறது. இவற்றையெல்லாம் தொடாமல் வீட்டுத்திட்டத்தில் கை வைப்பதென்றால், காசு இல்லை என்பது பொருளல்ல. யாருக்கு முதலில் என்பதைத் தீர்மானித்து விட்டார்கள் என்பதுதான் பொருள்.

நோய் கடுமையாக இருந்ததால் மருந்தும் கடுமையாக இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வற் வரி 12, பின்னர் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. ஆக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, 2025 முதல் 17,500 ரூபா. தகுதியுள்ள பலர் பட்டியலில் விடுபட்டார்கள், அதற்காகப் பிரதேச செயலகத்துக்கு அலைந்த கதையை வேறொரு மாதம் எழுதலாம். ஆனால் விலையை மறைக்காமல் கையில் காசு கொடுக்கும் முறை என்ற அளவில் அதை நான் வரவேற்கிறேன்.

முக்கியமானது 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம். அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை அரசாங்கத்திடமிருந்து மத்திய வங்கி நேரடியாக வாங்குவதை அது தடை செய்தது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு இறங்கியது. "அப்ப ஏன் சாமான் விலை குறையேல்லை?" என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் மேலும் ஏறுவது மெதுவாகும், ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கும். எனவே அந்தச் சகோதரியின் 80,000 ரூபா மறுபடி 80 பை சீமெந்தாக மாறாது. அவருக்கு நான் அதை அப்படியேதான் சொன்னேன். அவர் இப்போது கையில் சேரும் காசுக்கு அவ்வப்போது இரண்டு பை, மூன்று பை என்று வாங்கிச் சுவரை எழுப்புகிறார். சீமெந்தை நெடுநாள் வைத்திருக்க முடியாது, கட்டியாகிவிடும். ஆனால் சுவர் கரையாது.

வழக்கமாக நவம்பரில் வரவு செலவுத்திட்டம் வாசிப்பார்கள். அடுத்த நாள் பத்திரிகைகள் எதற்கு விலை குறைந்தது, யாருக்குச் சம்பளம் கூடியது என்று பெரிய எழுத்தில் போடும். உங்கள் சங்கத்துக்கு வரும் பத்திரிகையில் அதைத் தாண்டி இரண்டு இலக்கங்களைத் தேடுங்கள். துண்டு விழும் தொகை எவ்வளவு, அதை எங்கிருந்து நிரப்பப் போகிறார்கள். வாக்குக் கேட்டு வருபவர் ஒரு புதிய கொடுப்பனவைச் சொன்னால், எந்த வரியிலிருந்து, எந்தச் செலவைக் குறைத்து என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தைத் திருத்தப் போகிறோம் என்று எவராவது பேசினால் கவனியுங்கள். மத்திய வங்கியின் கையில் உள்ள அரசாங்கக் கடன் பத்திரங்களின் தொகையை வங்கியே தனது இணையத்தளத்தில் வெளியிடுகிறது. உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் சொன்னால் தொலைபேசியிலேயே எடுத்துக் காட்டும்.